திட்ட விலக்கத்துக்குள் எத்தனை பேர்? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் திட்ட விலக்கத்தைக் கணக்கிடும் முறையை எழுதியிருந்தேன். ஒவ்வொரு மதிப்பும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்து, அந்த விலக்கங்களை வர்க்கப்படுத்தி, அவ்வர்க்கங்களின் சராசரிக்கு வர்க்கமூலம் எடுத்தால் கிடைப்பது அது. அதன் பிறகு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, நேராகவோ சுற்றி வளைத்தோ, ஒன்றையே கேட்கின்றன: சராசரியும் திட்ட விலக்கமும் கையில் இருந்தால், இன்ன எல்லைக்குள் இத்தனை பேர் இருப்பார்கள் என்று எண்ணாமலேயே சொல்லிவிடலாமா? இந்த முறை பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: நான் மேல்நிலைப் பள்ளி ஆசிரியை. என் வகுப்பில் 40 மாணவர்கள். கணிதத் தேர்வில் சராசரி 78, திட்ட விலக்கம் 15. சராசரிக்கு இருபுறமும் ஒரு திட்ட விலக்கத்துக்குள் 68 சதவீதம், இரண்டுக்குள் 95 சதவீதம் என்று படித்திருக்கிறேன். எண்ணிப் பார்த்தபோது 63க்கும் 93க்கும் இடையில் 29 பேர், அதாவது 72.5 சதவீதம் இருந்தார்கள். இரண்டு திட்ட விலக்கத்துக்கு வெளியே மூன்று பேர். மூவருமே 48க்குக் கீழே வாங்கியவர்கள். விதி தவறா, என் கணக்குத் தவறா? (வாசகி, விழுப்புரம்)

பதில்: இரண்டும் தவறில்லை. விதியின் முன்பாதியை நாம் சொல்லாமல் விட்டுவிடுகிறோம் என்பதுதான் சிக்கல். "இயல்நிலைப் பரவலாக இருந்தால்" என்று தொடங்க வேண்டிய வாக்கியம் அது. நடுவில் குவிந்து, இருபுறமும் ஒரே மாதிரிச் சரிந்து இறங்கும் மணி வடிவத்துக்கு மட்டுமே, சராசரியிலிருந்து ஒரு திட்ட விலக்கத் தொலைவுக்குள் 68.27 சதவீதமும், இரண்டுக்குள் 95.45 சதவீதமும், மூன்றுக்குள் 99.73 சதவீதமும் அடங்கும். அந்த எண்கள் மணி வடிவத்தின் வளைகோட்டுக்குக் கீழுள்ள பரப்பிலிருந்து வருபவை. திட்ட விலக்கம் என்ற அளவுக்கே உரிய குணமல்ல. ஆபிரகாம் டி மோவர் 1733இல், நாணயத்தைப் பலமுறை சுண்டும்போது தலை விழும் எண்ணிக்கை எப்படிப் பரவும் என்று ஆராய்ந்தபோதே இந்த 68 சதவீதத்தைக் கணக்கிட்டுவிட்டார். "திட்ட விலக்கம்" என்று நாம் மொழிபெயர்த்திருக்கும் பெயரைக் கார்ல் பியர்சன் சூட்டியது அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகுதான்.

இனி உங்கள் வகுப்பைப் பார்ப்போம். 40 பேரில் 68 சதவீதம் என்றால் 27 பேர். நீங்கள் எண்ணியது 29. இந்த இரண்டு பேர் வித்தியாசத்துக்காக யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. மதிப்பெண்கள் மிகச் சரியான மணி வடிவத்திலிருந்து வந்தவையாக இருந்தாலும், 40 பேர் கொண்ட வகுப்புக்கு வகுப்பு அந்த எண்ணிக்கை 24, 30 என்று சுமார் மூன்று பேர் முன்பின்னாக ஆடிக்கொண்டேதான் இருக்கும்.

கவனிக்க வேண்டியது மற்றொன்று. அதை நீங்களே கடிதத்தில் எழுதிவிட்டீர்கள். வெளியே நிற்கும் மூவரும் ஒரே பக்கத்தில் நிற்கிறார்கள். மேல்பக்கம் ஒருவர்கூட இல்லை, இருக்கவும் முடியாது. 78உடன் 30ஐக் கூட்டினால் 108, தேர்வோ நூறு மதிப்பெண்ணுக்கு. உங்கள் சராசரிக்கும் நூறுக்கும் இடையில் ஒன்றரைத் திட்ட விலக்கம்கூட இடமில்லை, 1.47தான். மதிப்பெண்கள் உண்மையிலேயே மணி வடிவில் பரவியிருந்தால் ஏறக்குறைய 7 சதவீதம் பேர், அதாவது உங்கள் வகுப்பில் மூன்று பேர், நூறுக்கு மேல் வாங்கியிருக்க வேண்டும்! ஆகவே பரவல் இடப்பக்கம் வால் நீண்டு, வலப்பக்கம் சுவரில் முட்டி நிற்கிறது. எளிதான வினாத்தாளுக்கு இது வழக்கமான வடிவம். எந்தத் தரவானாலும், சராசரியிலிருந்து இரண்டு திட்ட விலக்கம் கூட்டியும் கழித்தும் பார்த்து, வரும் விடை நடக்கக்கூடியதுதானா என்று கேட்டுக்கொள்வதை நான் முதல் சோதனையாக வைத்திருக்கிறேன். மைனஸ் சம்பளம், மைனஸ் வயது, நூறைத் தாண்டிய மதிப்பெண் என்று ஏதாவது வந்தால் 68, 95 இரண்டையும் அங்கேயே ஓரமாக வைத்துவிடலாம்.

கேள்வி: வடிவம் தெரியாதபோது ஒன்றுமே சொல்ல முடியாதென்றால், திட்ட விலக்கத்தைக் கணக்கிட்டு என்ன பயன்? (வாசகர், ஈரோடு)

பதில்: ஒன்றுமே சொல்ல முடியாது என்பதில்லை. எந்த வடிவமானாலும் பொய்க்காத ஓர் உறுதிமொழி இருக்கிறது: சராசரியிலிருந்து இரண்டு திட்ட விலக்கத்துக்குள் குறைந்தது 75 சதவீதம் அடங்கியே தீரும், மூன்றுக்குள் குறைந்தது 88.9 சதவீதம். பொதுவாகச் சொன்னால், எத்தனை மடங்கு தொலைவு என்று பார்த்து, அந்த எண்ணின் வர்க்கத்தால் 1ஐ வகுத்தால் வருவது, வெளியே நிற்கக்கூடியவர்களின் உச்சப் பங்கு. ரஷ்யக் கணிதவியலாளர் செபிஷேவ் 1867இல் வெளியிட்டதால் அவர் பெயரால் வழங்குகிறது. பிரான்சின் பியனேமே அதை 1853இலேயே கண்டிருந்தார்.

இது ஏன் பொய்க்காது என்பதை எட்டே எண்களில் காட்டிவிடலாம். 30, 50, 50, 50, 50, 50, 50, 70 என்று எடுத்துக்கொள்ளுங்கள். சராசரி 50. விலக்க வர்க்கங்கள் 400, ஆறு சுழியங்கள், மீண்டும் 400. கூட்டினால் 800, எட்டால் வகுத்தால் 100, ஆகவே திட்ட விலக்கம் 10. இப்போது எண்களை மறந்துவிட்டு, "எட்டு எண்கள், திட்ட விலக்கம் 10" என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். விலக்க வர்க்கங்களின் மொத்த இருப்பு 800தான் என்பது அதிலிருந்தே தெரிகிறது. இரண்டு திட்ட விலக்கம், அதாவது 20 அல்லது அதற்கு மேல், தள்ளி நிற்கிற ஒவ்வொரு எண்ணும் அந்த இருப்பிலிருந்து குறைந்தது 400ஐ எடுத்துவிடும். 800இல் எத்தனை 400 இருக்கிறது? இரண்டு. ஆகவே எட்டில் இரண்டுக்கு மேல் வெளியே நிற்க வழியே இல்லை. மூன்றாவது ஆள் வெளியே போக நினைத்தால் செலவுக்குக் காசில்லை. முழு நிரூபணமும் இவ்வளவுதான்; எண்களுக்குப் பதில் எழுத்துகளை இட்டால் பாடநூலில் உள்ளது வந்துவிடும்.

நான் எடுத்த எட்டு எண்கள் சரியாக அந்த 75 சதவீத வரம்பில் உட்கார்ந்திருக்கின்றன என்பதையும் கவனியுங்கள். 30ம் 70ம் எல்லைக் கோட்டின் மீதே நிற்பவை. அவற்றை வெளியே கணக்கிட்டால்தான் 75 சதவீதம். எனவே செபிஷேவின் எண்ணை இதற்கு மேல் உயர்த்தித்தரச் சொல்ல முடியாது. ஆனால் இப்படி மூன்றே இடங்களில் குவிந்த தரவை நாம் எங்கே பார்க்கிறோம்? நடைமுறைத் தரவுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே ஒரு முகடுதான் உண்டு. அதன் இருபுறமும் சரிவுதான், சமச்சீராக இல்லாவிட்டாலும். அப்படி ஒற்றை முகடு இருப்பது உறுதியென்றால் உறுதிமொழி வலுக்கிறது: இரண்டு திட்ட விலக்கத்துக்குள் குறைந்தது 88.9 சதவீதம், மூன்றுக்குள் குறைந்தது 95 சதவீதம். விசோசான்ஸ்கி, பெத்தூனின் இருவரின் பெயரால் வழங்கும் முடிவு இது. நம் பாடநூல்களில் இடம்பெற வேண்டியது. "மூன்று திட்ட விலக்கத்துக்குள் 95க்குக் குறையாது" என்பதை, மணி வடிவம் என்ற நம்பிக்கை இல்லாமலேயே சொல்ல முடிகிறதே!

கேள்வி: புள்ளியியல் இளங்கலை மாணவன் நான். சராசரி 60, திட்ட விலக்கம் 8 என்று கொடுத்து, 52க்கும் 76க்கும் இடையில் எத்தனை சதவீதம் என்று கேட்டிருந்தார்கள். நான் 81.5 என்று எழுதினேன். நண்பன் "குறைந்தது 75" என்று எழுதினான். எது சரி? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: கேள்வித்தாளில் "இயல்நிலைப் பரவல்" என்ற சொல் இருந்ததா என்று முதலில் பாருங்கள். இருந்தால் உங்கள் விடை சரி: சராசரிக்குக் கீழே ஒரு திட்ட விலக்கம் வரை 34, மேலே இரண்டு வரை 47.5, மொத்தம் 81.5. அட்டவணையைப் பார்த்துத் துல்லியமாக எழுதினால் 81.9.

அந்தச் சொல் இல்லாவிட்டாலும் நண்பருடைய விடை தவறுதான். "குறைந்தது 75" என்பது 44இலிருந்து 76 வரையிலான, இருபுறமும் சமமான எல்லைக்குரியது. கேட்ட எல்லை 52இலேயே தொடங்குகிறது. 44க்கும் 52க்கும் இடையில் உள்ளவர்களை அவர் சத்தமில்லாமல் உள்ளே சேர்த்துக்கொண்டார். இங்கே ஒரு சிறு தந்திரம் உதவும். 52, 76 இவற்றின் நடுப்புள்ளி 64. சராசரிக்குப் பதிலாக 64இலிருந்து விலக்கங்களை அளந்தால், விலக்க வர்க்கங்களின் சராசரி 8இன் வர்க்கமான 64 ஆக இருந்தது, நடுப்புள்ளி நகர்ந்த 4இன் வர்க்கமான 16 கூடி, 80 ஆகிறது. நடுப்புள்ளியிலிருந்து எல்லைக்குள்ள தூரம் 12, அதன் வர்க்கம் 144. முன்பு எட்டு எண்களுக்குச் சொன்ன அதே செலவுக் கணக்குப்படி, வெளியே நிற்பவர்களின் பங்கு 144இல் 80ஐத் தாண்டாது; அது 55.6 சதவீதம். ஆகவே உள்ளே குறைந்தது 44.4 சதவீதம். 81.9 எங்கே, 44.4 எங்கே! வடிவத்தைப் பற்றிய ஒற்றைச் சொல்லுக்கு இருக்கும் விலை அது.

கேள்வி: சரியாக 95 சதவீதம் வேண்டுமென்றால் இரண்டா, 1.96ஆ? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: மணி வடிவமானால் 1.96. இரண்டு என்பது வாய்க்கணக்குக்காக.

கேள்வி: பாடநூல் உதாரணங்கள் எல்லாம் அளவெடுத்துத் தைத்தவைபோல் இருக்கின்றன. உண்மையில் மனிதர்களை அளந்து இந்த 68–95–99.7 வந்திருக்கிறதா? இலங்கையில் நாங்கள் நியம விலகல், செவ்வன் பரம்பல் என்று சொல்வதைத்தான் நீங்கள் திட்ட விலக்கம், இயல்நிலைப் பரவல் என்கிறீர்கள் என்று கொள்கிறேன். (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: சொற்களைப் பற்றி நீங்கள் கொண்டது சரியே. உங்கள் சந்தேகமும் ஆரோக்கியமானது. அதற்குப் பழைய, புகழ்பெற்ற ஒரு பட்டியலையே விடையாகத் தருகிறேன். பெல்ஜியத்தைச் சேர்ந்த அடால்ஃப் கெத்லே 1846இல் வெளியிட்ட நூலில், ஸ்காட்லாந்துப் படைவீரர்கள் 5,738 பேரின் மார்புச் சுற்றளவு முழு அங்குலங்களில் இருக்கிறது. மிகக் குறைந்த அளவான 33 அங்குலத்தில் மூன்று பேர். அங்கிருந்து ஒவ்வோர் அங்குலமாக 18, 81, 185, 420, 749 என்று ஏறி, 39 அங்குலத்தில் 1,073 பேரும் 40 அங்குலத்தில் 1,079 பேரும் நிற்கிறார்கள். பிறகு 934, 658, 370, 92, 50, 21, 4 என்று இறங்கி, 48 அங்குலத்தில் ஒரே ஒருவர்.

காகிதமும் பென்சிலும் எடுத்து நான் போட்டுப் பார்த்த கணக்கு இது: சராசரி 39.83 அங்குலம், திட்ட விலக்கம் 2.05. ஒரு திட்ட விலக்கத்துக்குள் வருபவை 38 முதல் 41 அங்குலம் வரை. அங்கே 3,835 பேர், 66.8 சதவீதம். இரண்டுக்குள் 36 முதல் 43 வரை. 5,468 பேர், 95.3 சதவீதம். மூன்றுக்குள் 34 முதல் 45 வரை. 5,709 பேர், 99.5 சதவீதம். வளைகோடு கேட்பது 68.3, 95.4, 99.7. முழு அங்குலமாக அளந்ததால் எல்லையோரத்தில் நிற்பவர்கள் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ மொத்தமாகத் தள்ளப்படுகிறார்கள் என்பதை வைத்துப் பார்த்தால், இதைவிட நெருக்கம் எதிர்பார்ப்பதற்கில்லை. (மூலப் பட்டியல் 1817இல் எடின்பரோ மருத்துவ இதழொன்றில் வந்தது, கெத்லே அதைப் பார்த்து எழுதும்போது பல எண்களைத் தவறாகக் கூட்டிவிட்டார் என்று பின்னாளில் ஒப்பிட்டவர்கள் காட்டியிருக்கிறார்கள். கணக்கு ஆசிரியர்களுக்கு இதில் ஓர் ஆறுதல் உண்டு.)

ஆனால் கெத்லே இதிலிருந்து எட்டிய இடம் எனக்கு உவப்பானதல்ல. இயற்கை ஒரு "சராசரி மனிதனை" இலக்காகக் குறிவைக்கிறது, நாமெல்லாம் அந்தக் குறி தவறிய அம்புகள் என்பது போல அவர் எழுதினார். மார்பளவும் உயரமும் மணி வடிவில் வருவதற்குக் காரணம், பல சிறுசிறு காரணிகள் ஒன்றுசேர்ந்து, எதுவும் தனியே ஆதிக்கம் செலுத்தாமல் கூடிக் கழிவது. அதே படைவீரர்களின் சொத்தை அளந்திருந்தால் மணி வடிவம் வந்திருக்காது. செல்வம் செல்வத்தைப் பெருக்குகிறது, கூட்டுவதில்லை.

கேள்வி: என் மாமியாருக்கு இரத்தப் பரிசோதனை செய்தோம். இருபது அளவுகளில் ஒன்றின் பக்கத்தில் மட்டும் நட்சத்திரக் குறி. "நார்மல்" எல்லையை இம்மியளவு தாண்டியிருந்தது. வீட்டில் இரண்டு நாள் யாருக்கும் தூக்கமில்லை. அந்த எல்லையை யார், எப்படி வகுக்கிறார்கள்? (வாசகி, மதுரை)

பதில்: அந்த எல்லையும் இன்றைய நம் பேசுபொருளின் பிள்ளைதான். நோயற்ற பலரை அளந்து, அவர்களில் நடுவில் உள்ள 95 சதவீதத்தினர் அடங்கும் இடத்தையே பெரும்பாலான அளவுகளுக்கு நார்மல் என்று அச்சிடுகிறார்கள். அப்படியென்றால், வகுக்கும்போதே, நலமாக உள்ளவர்களில் இருபதில் ஒருவர் வெளியே தள்ளப்படுகிறார். ஒரே ஆளுக்கு இருபது பரிசோதனைகள் செய்து, அவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்றும் வைத்துக்கொண்டால், எல்லாமே உள்ளே வருவதற்கான வாய்ப்பு 0.95ஐ இருபது முறை பெருக்கினால் வருவது, அதாவது சுமார் 36 சதவீதம். மீதி 64 சதவீதம், முழு நலத்தோடு இருப்பவருக்கும் எங்காவது ஒரு நட்சத்திரமாவது விழும் வாய்ப்பு. உண்மையில் பல அளவுகள் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதால் அது சற்று மாறும். ஆனால் ஒற்றை நட்சத்திரம் அரிதான சம்பவம் அல்ல.

இந்த எல்லைகளைச் "சராசரி, கூட்டல் கழித்தல் இரண்டு திட்ட விலக்கம்" என்று வகுப்பது எல்லாவற்றுக்கும் பொருந்தாது. டிரைகிளிசரைடு போன்றவை வலப்பக்கம் வால் நீண்டவை. ஆகவே ஆய்வகத் தர வழிகாட்டுதல்களில் விரும்பப்படுவது, குறைந்தது 120 நலமான ஆட்களை அளந்து, வரிசைப்படுத்தி, கீழிருந்தும் மேலிருந்தும் 2.5 சதவீதத்தை நேரடியாக வெட்டும் முறை. 120இல் 2.5 சதவீதம் எத்தனை? மூன்று பேர். இரண்டு நாள் தூக்கத்தைக் கெடுத்த அந்தக் கோடு, ஓர் ஓரத்தில் நின்ற மூன்று பேரைப் பார்த்து வரையப்பட்டதாக இருக்கலாம். எல்லையை இம்மியளவு தாண்டுவதும் இரு மடங்காகத் தாண்டுவதும் ஒன்றல்ல. சர்க்கரை, கொலஸ்டிரால் போன்றவற்றுக்கு எல்லை நோய் அபாயத்தை வைத்து வேறு விதமாக வகுக்கப்படுகிறது. எனவே தாளை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள், அதுவரை தூங்குங்கள்.

கேள்வி: சிறிய லேத் பட்டறை வைத்திருக்கிறேன். 25 மி.மீ. ஷாஃப்ட் பத்து அளந்து கணினியில் ஏற்றினோம். பையன் ஒன்றை 250 என்று அடித்துவிட்டான். மூன்று திட்ட விலக்கத்துக்கு வெளியே போனால் சிவப்பாகக் காட்டும்படி அமைத்திருந்தும் கணினி வாயே திறக்கவில்லை. ஏன்? (வாசகர், அம்பத்தூர்)

பதில்: இந்த மாதத்துக் கடிதங்களில் என்னை நாற்காலியில் நிமிர்த்தி உட்கார வைத்தது இதுதான். ஒன்பது அளவுகளையும் சரியாக 25 என்றே வைத்துக்கொள்வோம். பத்தின் சராசரி 47.5. தவறான அளவு அதிலிருந்து 202.5 விலகியிருக்கிறது, மற்ற ஒன்பதும் 22.5 விலகியிருக்கின்றன. திட்ட விலக்கம் 67.5. அதை மூன்றால் பெருக்கிச் சராசரியோடு கூட்டுங்கள்: 202.5, 47.5, சரியாக 250! தவறான எண் எல்லைக் கோட்டின் மீதே வந்து நிற்கிறது, தாண்டவில்லை. பையன் இன்னொரு சுழியம் சேர்த்து 2,500 என்று அடித்திருந்தாலும் அதே கதைதான். ஏனென்றால் தவறு எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்குச் சராசரியையும் தன் பக்கம் இழுத்து, திட்ட விலக்கத்தையும் ஊதிப் பெருக்கிவிடுகிறது; திருடனே காவலுக்கும் நிற்பது போல. பத்து எண்கள் இருந்தால் எதுவுமே மூன்று திட்ட விலக்கத்தைத் தாண்ட முடியாது என்பது நிரூபிக்கப்பட்ட உண்மை. எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால் வருவதே உச்சத் தொலைவு. பொருளியலறிஞர் பால் சாமுவேல்சன் 1968இல் இதைப் பற்றி எழுதியதால் அவர் பெயரில் வழங்குகிறது. கணினி அட்டவணைகள் வழக்கமாகப் பத்துக்குப் பதில் ஒன்பதால் வகுப்பதால் உங்கள் திரையில் திட்ட விலக்கம் 71.15 என்று இருந்திருக்கும். தவறான எண் 2.85 திட்ட விலக்கத் தொலைவில், பத்திரமாக உள்ளேயே, இருந்திருக்கும்.

செய்ய வேண்டியது எளிது. எல்லையைச் சோதனைக்குரிய பத்து அளவுகளிலிருந்தே எடுக்காதீர்கள். பட்டறை ஒழுங்காக ஓடிய நாட்களில் எடுத்த நூறு, இருநூறு அளவுகளிலிருந்து சராசரியையும் திட்ட விலக்கத்தையும் ஒருமுறை நிர்ணயித்து, புதிய அளவுகளை அதோடு ஒப்பிடுங்கள். வால்டர் ஷூவார்ட் 1924இல் பெல் நிறுவனத்தின் தொழிற்சாலைக்காக வரைந்த கட்டுப்பாட்டு வரைபடத்தின் அடிப்படை அதுதான். அவர் மூன்று திட்ட விலக்கத்தை எல்லையாக வைத்தார். மணி வடிவமானால் இயந்திரம் நன்றாக ஓடும்போது 370 அளவுகளுக்கு ஒன்றுதான் வீணாக மணியடிக்கும். பழைய அளவுகள் கைவசம் இல்லையென்றால், சராசரியை விட்டுவிட்டு இடைநிலை அளவை எடுங்கள்: பத்தையும் வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது 25, 250 ஆனாலும் 2,500 ஆனாலும் அது அசையாது.

கேள்வி: பங்குச் சந்தை முதலீட்டை விளக்க வந்தவர், "தினசரி ஏற்ற இறக்கம் 95 சதவீத நாட்களில் இரண்டு திட்ட விலக்கத்துக்குள்தான் இருக்கும்" என்றார். நம்பலாமா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: அந்த ஒரு வாக்கியம் கிட்டத்தட்டச் சரிதான், ஆபத்து அதற்கு அப்பால் இருக்கிறது. சந்தையின் தினசரி மாற்றங்கள் நடுவில் மணி வடிவத்தைவிடக் கூர்மையாகக் குவிந்து, ஓரங்களில் மணி வடிவத்தைவிடத் தடித்திருக்கும். ஒரு திட்ட விலக்கத்துக்குள் 68ஐவிட அதிகமான நாட்கள் இருக்கும். பார்ப்பவருக்குச் சந்தை சாதுவாகத் தெரியும். இரண்டின் அருகே இரண்டு வளைகோடுகளும் ஏறக்குறைய ஒத்துப்போகும். ஐந்தைத் தாண்டினால்தான் பிளவு தெரியும். மணி வடிவத்தில் ஐந்து திட்ட விலக்கத்துக்கு வெளியே ஒரு நாள் வர 17 லட்சம் நாட்களுக்கு மேல் காத்திருக்க வேண்டும். ஆண்டுக்கு 250 வர்த்தக நாட்கள் என்றால் ஏறக்குறைய 7,000 ஆண்டுகள். 2020 மார்ச் 23 அன்று ஒரே நாளில் சென்செக்ஸ் 13 சதவீதம் சரிந்தது. அமைதியான காலங்களில் அதன் தினசரித் திட்ட விலக்கம் சுமார் 1 சதவீதம். மேலும், கொந்தளிப்பான வாரங்களில் திட்ட விலக்கமே மாறிவிடுகிறது. சென்ற ஆண்டில் அளந்த கோலை வைத்து இந்த வாரத்தை அளப்பதில் அர்த்தமில்லை. விளக்க வந்தவரிடம், "மீதி 5 சதவீத நாட்களில் எவ்வளவு போகும்?" என்று கேளுங்கள்.

கேள்வி: அங்கன்வாடியில் பணிபுரிகிறேன். குழந்தைகளின் எடையை வளர்ச்சி அட்டையில் குறிக்கும்போது மைனஸ் 2 கோட்டுக்குக் கீழே வந்தால் எடைக் குறைவு என்கிறோம். அது திட்ட விலக்கம்தான் என்று பயிற்சியில் சொன்னார்கள். அப்படியானால் கோட்டுக்குக் கீழே 2.3 சதவீதம்தானே இருக்க வேண்டும்? என் மையத்தில் 30 குழந்தைகளில் 8 பேர் கீழே இருக்கிறார்கள். நான் எடை போடுவதில் தவறா? (வாசகி, தருமபுரி மாவட்டம்)

பதில்: தராசைச் சுழியத்தில் நிறுத்திவிட்டுத்தான் எடை போடுகிறீர்கள் என்றால், உங்களிடம் தவறில்லை. அட்டையில் உள்ள திட்ட விலக்கம் உங்கள் 30 குழந்தைகளுடையதல்ல. பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில், தாய்ப்பால், உணவு, சுகாதாரம் ஆகியவற்றில் குறையில்லாத சூழலில் வளர்ந்த சுமார் 8,500 குழந்தைகளை அளந்து உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட கோடுகள் அவை. இந்தியாவில் அளந்தது தெற்கு டெல்லியில். அந்தக் குழந்தைகளிடையே மைனஸ் 2க்குக் கீழே 2.3 சதவீதம், முப்பதில் ஒருவர்கூடத் தேறாது. உங்கள் மையத்தில் எட்டுப் பேர் என்பது விதி பொய்த்ததைக் காட்டவில்லை, உங்கள் குழந்தைகள் அந்தச் சூழலில் வளரவில்லை என்பதைக் காட்டுகிறது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், நாட்டின் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 32.1 சதவீதம் அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தார்கள்.

இன்னொன்றையும் உங்கள் அட்டையிலேயே பார்க்கலாம். ஐந்து வயது நிறைந்த ஆண் குழந்தைக்கு நடுக்கோடு 18.3 கிலோ. மேலே போகும் கோடுகள் 21.0, 24.2, 27.9, கீழே வருபவை 16.0, 14.1, 12.4. இடைவெளிகளைக் கழித்துப் பாருங்கள்: மேலே 2.7, 3.2, 3.7 என்று அகன்றுகொண்டே போகிறது, கீழே 2.3, 1.9, 1.7 என்று நெருங்குகிறது. குழந்தைகளின் எடை மணி வடிவமல்ல, கனமான பக்கம் வால் நீண்டது. அதை அறிந்தே, எடைகளை முதலில் மணி வடிவத்துக்கு மாற்றி, அங்கே திட்ட விலக்கங்களைச் சமமாக அளந்து, மீண்டும் கிலோவுக்குத் திருப்பிக் கோடு போட்டிருக்கிறார்கள். அதைச் செய்யாமல், மேல்பக்கத்து 2.7ஐயே கீழேயும் ஒவ்வொரு படியாகக் கழித்திருந்தால் மைனஸ் 3 கோடு 10.2 கிலோவில் விழுந்திருக்கும். 12 கிலோ எடையுள்ள ஐந்து வயதுப் பையனை அப்போது மிதமான எடைக் குறைவு என்று எழுதியிருப்பீர்கள். இப்போதுள்ள அட்டை அவனைக் கடுமையான எடைக் குறைவு என்று குறித்து, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பச் சொல்கிறது.